எண்ணெய்க்குள் இருக்கும் தண்ணீர்

நான் வீட்டிலேயே தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிறேன் என்று தெரிந்ததும் உறவுக்காரப் பெண்கள் முதலில் கேட்பது, "என்னென்ன போடுறீங்க அக்கா?" என்பதுதான். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை, மருதாணி, பொன்னாங்கண்ணி, சின்ன வெங்காயம், கருஞ்சீரகம், கற்றாழை என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள். அதில் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்பது அவர்கள் கவலை. பல வருடங்களாக எண்ணெயும் சீயக்காய்த் தூளும் செய்துவருபவளாக நான் அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: பட்டியல் நீளமாவதால் எண்ணெய் நல்லதாகிவிடாது. ஈரம் போனால்தான் நல்லதாகும். தண்ணீர் எங்கே சேர வேண்டும், எங்கே துளியும் இருக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டால் இந்த வேலையில் பெரும்பகுதி கைவந்துவிடும்.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம், வாய்க்கால் பாசனம். வரப்போரம் கரிசலாங்கண்ணி தானாகவே முளைத்துக் கிடக்கும். மஞ்சள் பூ பூக்கிற செடி வேறு; தலை எண்ணெய்க்கு நான் எடுப்பது வெள்ளைப் பூ பூக்கிற வகை. தண்டைக் கிள்ளிக் கசக்கினால் சற்று நேரத்தில் சாறு கறுத்துப்போகும். செடியை அடையாளம் கண்டுகொள்ள அது போதும். மருந்து அடித்த வயலின் வரப்பில் மட்டும் பறிக்க மாட்டேன். பறித்ததை மண் போக அலசி, துணியில் பரப்பி, மேலே ஒட்டிய ஈரம் உலர்ந்த பிறகே அரைப்பேன். அரைக்கும்போது தண்ணீர் விடுவதில்லை. இலையில் இருக்கும் சாறே போதும். நாம் ஊற்றுகிற ஒவ்வொரு கரண்டித் தண்ணீரையும் பிறகு அடுப்பில் வைத்து நாமே விரட்ட வேண்டியிருக்கும்.

தேங்காய் எண்ணெய் செக்கில் ஆட்டியது. கொப்பரை வெள்ளையாக இருக்கவும் பூசணம் பிடிக்காமல் இருக்கவும் கந்தகப் புகை போடுகிற வழக்கம் உண்டு. செக்குக்காரரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, புகை போடாத கொப்பரையில் ஆட்டிய எண்ணெயை வாங்குவது நல்லது.

ஆயுர்வேத நூலான சார்ங்கதர சம்ஹிதை தைலத்துக்குச் சொல்லும் அளவு 1, 4, 16: அரைத்த விழுது ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, சாறோ கஷாயமோ பதினாறு பங்கு. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு நான்கு லிட்டர் சாறு என்பது வீட்டில் நடக்கிற காரியம் இல்லை. நான் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒரு லிட்டர் சாறு விடுகிறேன். கூடவே, நிழலில் காயவைத்த செம்பருத்தி இலையும் கறிவேப்பிலையும் ஒரு கைப்பிடி, ஊறவைத்து அரைத்த வெந்தயம் இரண்டு கரண்டி. அவ்வளவுதான்.

அடிகனமான இரும்புச் சட்டியில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. சாறும் எண்ணெயும் சேர்ந்து கொதிக்கும்போது நுரை பொங்கும். வழிந்தால் அடுப்பில் தீப்பிடிக்கும். தீயைச் சிறிதாக வைத்து, சட்டியை விட்டு நகராமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை எண்ணெயின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும், ஏனென்றால் அடுப்பு தரும் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. தண்ணீர் தீர்ந்த கணமே சூடு மடமடவென்று ஏறும். அதுவரை வெந்துகொண்டிருந்த மூலிகை அதன்பிறகு கருகத் தொடங்கும். இரண்டு மணி நேரம் பொறுமையாக இருந்தவர்கள் கடைசி ஐந்து நிமிடம் கவனம் தப்பினால் எண்ணெய் தீய்ந்த வாடை அடிக்கும். அவசரப்பட்டு முன்னாலேயே இறக்கினால் உள்ளே ஈரம் தங்கி, சில வாரங்களில் எண்ணெய் சிக்குப் பிடித்துவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தைத்தான் நம் வைத்தியர்கள் பதம் என்றார்கள். அடியில் தங்கும் கசடு முதலில் சேறாக இருக்கும். பிறகு மெழுகு பதம், மணல் பதம் என்று மாறிக்கொண்டே போகும். கரண்டி நுனியில் கசடைக் கொஞ்சம் எடுத்து, ஆறவிட்டு, விரலுக்கிடையில் உருட்டிப் பார்ப்பேன். ஒட்டாமல் திரியாகத் திரண்டால் அதை நெருப்பில் காட்டுவேன். சடசடத்தால் இன்னும் நீர் இருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால் நீர் போய்விட்டது. சட்டியின் ஓசையும் இதையே சொல்லும். வெண்ணெய் உருக்கும்போது சடசடப்பு அடங்குவதைக் கேட்டுத்தானே நெய்யை இறக்குகிறோம், அதே கணக்குதான் இதுவும். தலை எண்ணெயை நான் மணல் பதம் தொடங்கும் இடத்தில் அணைத்துவிடுவேன். கனமான சட்டி அணைத்த பிறகும் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் மிச்ச வேலையை அதுவே முடிக்கும்.

வடிகட்டும் துணி, பாட்டில், மூடி மூன்றும் வெயிலில் காய்ந்திருக்க வேண்டும். எண்ணெயை இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, மேலாக ஊற்றிக்கொண்டு அடிமண்டியை விட்டுவிட வேண்டும். அதில்தான் ஈரம் ஒளிந்திருக்கும்.

கற்றாழையை எண்ணெயில் போட்டுக் காய்ச்சலாமா என்று பலர் கேட்கிறார்கள். கற்றாழைச் சோறு ஏறக்குறைய முழுவதுமே தண்ணீர். நூற்றுக்கு 98 பங்குக்கும் மேல். சூடான எண்ணெயில் விழுந்தால் தெறித்துக் கையைச் சுடும், சரியாக வற்றாவிட்டால் எண்ணெயைக் கெடுக்கும். கற்றாழை வேண்டுமென்றால் குளிக்கிற அன்றைக்கு வெட்டி, மஞ்சள் பால் வடியவிட்டு, கழுவி, அப்படியே தலையில் தேய்த்துக்கொள்ளுங்கள். வெந்தய விழுது, செம்பருத்தி இலைச் சாறு, தயிர் எல்லாம் இதே வகை. ஈரமானவை அன்றன்றைக்கே பயன்பட வேண்டும். குளிர்பெட்டியில் வைத்து வாரக்கணக்கில் பூசுவதற்கானவை அல்ல.

சீயக்காயில் கணக்கு வேறு மாதிரி. அங்கே தண்ணீரை அடுப்பு விரட்டாது, வெயில் விரட்ட வேண்டும். ஒரு கிலோ சீயக்காய்க்கு கால் கிலோ பச்சைப்பயறு, நூறு கிராம் வெந்தயம், ஐம்பது கிராம் பூலாங்கிழங்கு, காய்ந்த ஆவாரம்பூ இரண்டு கைப்பிடி என்பது என் அளவு. சித்திரை வெயிலில் காயவைத்த சீயக்காயை ஒடித்தால் சட்டென்று சத்தம் வர வேண்டும். வளைந்துகொடுத்தால் இன்னொரு நாள் வெயில் தேவை. மில்லில் மிளகாய் அரைத்த இயந்திரத்தில் இதைப் போடக் கூடாது. தனி இயந்திரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கொண்டுபோவேன். அரைத்த தூள் சூடாக வரும். அந்தச் சூட்டோடு டப்பாவில் மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும், பூசணம் வரும், வண்டு வைக்கும். செய்தித்தாளில் பரப்பி நன்றாக ஆறவிட்டுச் சலித்த பிறகே டப்பாவுக்குப் போக வேண்டும்.

சீயக்காயில் இருக்கும் சப்போனின்தான் நுரையைத் தருகிறது, அழுக்கோடு எண்ணெயையும் எடுக்கிறது. கண்ணில் பட்டால் எரிவதும் அதனால்தான். தேவையான தூளை மட்டும் எடுத்து, சாதம் வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் முடி வறண்டுபோவதில்லை. எங்கள் கொங்குப் பக்கத்தில் இதைவிடவும் மென்மையான அரப்பு உண்டு. உசில மரத்து இலையைக் காயவைத்து இடித்த தூள் அது. நுரை குறைவு, ஆனால் குழந்தைகள் தலைக்கும் வறண்ட முடிக்கும் நான் அதைத்தான் எடுப்பேன்.

கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன் சிறு பொட்டலத்தில் ஷாம்பூ விற்கும் வழியைத் திறந்துவைத்தார். அவர் மகன் ரங்கநாதனின் சிக் ஷாம்பூ அதைக் கிராமத்துப் பெட்டிக்கடை வரைக்கும் கொண்டுபோனது. தூள் குழைக்க நேரமில்லாத பெண்களுக்கு அது பெரிய உதவி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஷாம்பூவில் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீர் இருப்பதால் அது கெடாமலிருக்க ரசாயனம் சேர்க்க வேண்டியிருக்கிறது. நம் தூளுக்கு அது வேண்டாம், காய்ந்திருக்கும்வரை. ஈரக் கரண்டியை டப்பாவுக்குள் விட்டால் அந்த நன்மை அன்றோடு போச்சு.

எண்ணெயால் என்ன ஆகும் என்பதையும் நேராகச் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே ஊடுருவி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அதைச் செய்யவில்லை. இருக்கிற முடி உடையாமல் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் பொருள். வழுக்கையில் முடி முளைக்கவைக்கும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயல்பு. பிரசவத்துக்குப் பின் சில மாதங்கள் கழித்துக் கொத்தாக உதிர்வது பெரும்பாலும் தானே சரியாகும். இரும்புச்சத்துக் குறைவாலோ தைராய்டாலோ உதிர்ந்தால் ரத்தப் பரிசோதனை வேண்டும், என் எண்ணெய் அதைச் சரிசெய்யாது. பொடுகு இருப்பவர்கள் எண்ணெயை இரவு முழுவதும் ஊறவிடக் கூடாது, பொடுகுக்குக் காரணமான கிருமி எண்ணெய்ப் பசையைத் தின்றுதான் வளர்கிறது.

மருதாணி வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மருதாணி இலையின் நிறம் செம்பழுப்பு. கறுப்பு வேண்டுமானால் அதன்மேல் அவுரிப் பொடி வைக்க வேண்டும். "கறுப்பு மருதாணி" என்று ஒரே பொட்டலத்தில் விற்பதில் பாரா ஃபினைலின் டையமின் என்ற சாயம் கலந்திருக்கலாம். அது பலருக்குத் தோலில் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். எதையும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்த்து, ஒரு நாள் பொறுத்துத் தலைக்குப் போடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கால் லிட்டர் எண்ணெயும் கரிசலாங்கண்ணியும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். திரி சடசடக்காமல் எரியும்வரை அடுப்பை விட்டு நகராதீர்கள். காய்ச்சிய தேதியைப் பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மணம் மாறினால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். அந்த ஒரு மூலிகையில் பதம் பிடிபட்ட பிறகு இரண்டாவதைச் சேர்த்துக்கொள்ளலாம்.