பல்லரோ சந்தையில் ஒரு பாண்



புனித ரோசாலியாவின் திருவிழாவுக்காகச் சிசிலித் தீவின் பலெர்மோ நகருக்குச் சென்று திரும்பியிருக்கிறேன். பெல்லகிரினோ மலையிலுள்ள அவருடைய குகைக் கோவிலுக்கு நம் தமிழர், கத்தோலிக்கரும் சைவருமாக, ஏறிச் செல்வதைப் பற்றிக் கடந்த ஞாயிறு மறையுரையிலேயே சொல்லிவிட்டேன். இன்று எழுத விரும்புவது மலையைப் பற்றியன்று. மலையிலிருந்து இறங்கிய மறுநாள் நான் சென்ற சந்தையைப் பற்றி.

அதன் பெயர் பல்லரோ. 831ஆம் ஆண்டில் அரபியர் பலெர்மோவைக் கைப்பற்றி இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆண்டனர். அக்காலத்தில் வேரூன்றிய சந்தை அது. அல்பெர்கேரியா என்னும் பழைய குடியிருப்பின் ஒடுங்கிய தெருக்களில், கார்மேல் மாதா கோவிலின் வண்ண ஓடு பதித்த குவிமாடத்தின் கீழ், இன்றும் கூடுகிறது. சிவப்புத் துணிக்கூரைகளுக்குக் கீழே வாள்மீன் தலைகள் வானத்தை நோக்கி நிறுத்தப்பட்டிருந்தன. வியாபாரிகள் இழுத்து இழுத்துப் பாடுவதுபோலக் கூவி விற்கிறார்கள். அந்தக் கூவலுக்கு ‘அப்பன்னியாத்தா’ என்று பெயர். கண்களை மூடிக்கொண்டு நின்றால், விடியற்காலையில் நம் கடற்கரைகளில் மீன் கூறுவோரின் குரல்தான். ஒரு சொல்கூட விளங்கவில்லை. ஆனாலும் விலை இறங்குகிறது என்பது மட்டும் விளங்கியது!

என்னை அழைத்துச் சென்ற தம்பி அந்நகரின் உணவகமொன்றில் நீண்ட காலமாகச் சமைப்பவர். கடலை மாவைக் கிண்டித் தட்டையாக்கிப் பொரித்த பனெல்லே முதலில் வாங்கித் தந்தார். அது நம் வாய்க்கு அந்நியமான உணவன்று. அடுத்த மூலையில் ஆட்டுக் குடலை வெங்காயத் தாளில் சுற்றித் தணலில் வாட்டிக்கொண்டிருந்தார்கள். புகை தெருவையே மறைத்தது. அதற்கும் அப்பால், பெரிய சாய்வான சட்டி ஒன்றின் முன் கூட்டம். மாட்டுக் கன்றின் மண்ணீரலையும் நுரையீரலையும் அவித்து, மெல்லியதாக அரிந்து, பன்றிக் கொழுப்பில் பொரித்து, எள்ளுத் தூவிய வட்டப் பாணுக்குள் வைத்துக் கொடுக்கிறார்கள்.

இவ்வுணவு பிறந்த கதையைப் பலெர்மோ மக்கள் இப்படிச் சொல்வர். மத்திய காலத்தில் அங்கு வாழ்ந்த யூதக் கசாப்புக்காரர்கள், கால்நடைகளை அறுப்பதற்குப் பணம் பெறுவது தம் சமயத்துக்கு ஒவ்வாது என்று கருதியதால், கூலியாக உள்ளுறுப்புகளையே பெற்றார்கள். அவற்றைச் சமைத்துக் கிறிஸ்தவருக்கு விற்றார்கள். 1492இல் ஸ்பானிய அரசர் யூதரை வெளியேற்றக் கட்டளையிட்டபோது சிசிலியும் அவ்வாட்சிக்கு உட்பட்டிருந்தது. சமைத்தவர்கள் போனார்கள், சட்டி நின்றுவிட்டது. ஒரு குருவானவனாக அந்தச் சட்டியின் முன் நிற்கையில் எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

கடைக்காரர் ஏதோ கேட்டார். தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்: “சுவாமி, தனி ஆளா, கலியாணம் முடிச்சதா எண்டு கேக்கிறார்.” எலுமிச்சைச் சாறு மட்டும் விட்டால் அது மணமாகாதது, பாலாடைக் கட்டியும் சேர்த்தால் மணமானது. தனி ஆளே போதும் என்றேன்.

பாணைக் கையில் வாங்கியதும் அந்த மணம் என்னை நாற்பது ஆண்டுகளுக்கு முன் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்போது நான் புதிதாகத் திருநிலைப்படுத்தப்பட்ட உதவிப் பங்குக்குரு. யாழ்ப்பாணக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் வீடு வீடாகச் சென்று சந்தித்து வந்தேன். ஊரில் அன்று ஆடு அடித்துப் பங்கு போட்டிருந்தார்கள். கணவனைக் கடலில் இழந்த ஓர் அம்மாவுக்கு இறைச்சிப் பங்கு வாங்க வசதியில்லை. குடலும் இரத்தமும் அவர் வீட்டுக்குக் கிடைத்தன. குடற்கறியும் இரத்த வறையும் ஆக்கி, வீட்டில் இருந்த ஒரே பீங்கான் கோப்பையில் எனக்குப் பரிமாறினார். பிள்ளைகள் இருவரும் கதவோரம் நின்றார்கள். நான் வயிறு சரியில்லை என்று சொல்லி வெறுந்தேநீர் மட்டும் குடித்தேன்.

அது பொய். எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் அதை அறிந்துகொண்டார் என்பதும் எனக்குத் தெரியும். ஏனெனில் ஒன்றும் வற்புறுத்தாமல் கோப்பையை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். சீடர்களை ஊர்களுக்கு அனுப்பும்போது உணவைப் பற்றி ஆண்டவர் சொன்னதை, லூக்கா 10ஆம் அதிகாரத்தை, அதே ஞாயிறுதான் நான் விளக்கிப் பேசியிருந்தேன். முன்வரிசைப் பாயில் அந்த அம்மாவும் இருந்தார்.

1995 இடப்பெயர்வுக்குப் பின் அவர் எங்கே போனார் என்று விசாரித்தேன். தகவல் கிடைக்கவில்லை.

பல்லரோவில் அந்தப் பாணை முழுவதும் உண்டேன். இரும்பின் சுவை, கொழுப்பு, எலுமிச்சையின் புளிப்பு. பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எண்ணினேன், நிறுத்தவில்லை. அந்த அம்மாவின் வறை எப்படி இருந்திருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் வீடுகளை ஆசீர்வதிக்க வருவேன். ஒவ்வோர் ஆண்டும் உங்களிற் பலர், சுவாமிக்கு என்ன சமைப்பது என்று தொலைபேசியில் கேட்கிறீர்கள். இம்முறை கேட்க வேண்டாம். அன்று உங்கள் வீட்டில் என்ன இருக்கிறதோ அதையே வையுங்கள். இரவு வேலைக்குப் போகிறவர்கள் வெறுந்தேநீர் வைத்தாலும் போதும்.