பால்

பத்து ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலைப் பொழுதில், எங்கள் தோட்டத்துப் படிப்பகத்தில் இருபது பேர் முன்னிலையில் நான் நகைப்புக்கு இடமானேன். அதனை இன்றளவும் மறந்தேனில்லை. மறக்க விரும்பவும் இல்லை.

நான் தோட்டத்திற் பிறந்தவன். என் தாய் பால்மரம் வெட்டியவள். ஆயினும் நான் கற்றது நகரத்து ஆங்கிலப் பள்ளியில். தமிழை லயத்து வாசலிற் கேட்டுப் பேசினேனேயன்றி ஏட்டில் முறையாகக் கற்றேனல்லேன். கிராணி வேலையில் அமர்ந்த பின்னரே, தாய்மொழி அறியாத நாணம் உந்த, படிப்பகத்துக் குறள் வகுப்பிற் சேர்ந்தேன். வகுப்பை நடத்தியவர் நாற்பது ஆண்டு மரம் வெட்டி ஓய்ந்த முதியவர் ஒருவர். பெரியவர் என்றே எல்லோரும் அவரை அழைப்போம்.

முதல் நாள் அவர், ‘அறத்துப்பால்’ என்பதற்குப் பொருள் யாது எனக் கேட்டார். நான் தயங்காது எழுந்தேன். “தாய்ப்பால் உடலை வளர்ப்பது போல, அறமாகிய பால் உயிரை வளர்க்கிறது, ஆதலின் அது அறத்துப்பால்” என்று பெருமிதத்தோடு கூறினேன். பையன்கள் கொல்லென்று சிரித்தனர். பெரியவர் சிரிக்கவில்லை.

“கிராணியாரே! விளக்கம் அழகாகத்தான் இருக்கிறது, பொருள்தான் தவறிவிட்டது. இது கறக்கும் பாலும் அன்று, வெட்டும் பாலும் அன்று. இது பகுக்கும் பால்” என்றார்.

‘பகுக்கும் பால்’ என்னும் அவ்விரு சொற்களும் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தன. அன்று நண்பகலில் நான் செய்திருந்த ஒரு செயலே அதற்குக் காரணம். அச் செயலைக் கூறுமுன், இச் சிறு சொல்லின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

நாம் அருந்தும் பாலைக் குறிக்கும் சொல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்தார் பால் என்றே கூறுவர். தெலுங்கர் பாலு என்பர். கன்னடர் ஹாலு என்பர். ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் பிரிந்து தனித்தனி வீடு கட்டிய பின்னும், தாய் ஊட்டிய முதல் உணவின் பெயரைப் பிரிக்கவில்லை. அப் பெயர் பிறகு வெண்மையாய்ச் சுரப்பன எல்லாவற்றிற்கும் பரவிற்று. எருக்கைக் கிள்ளினால் பால். கள்ளியைக் கீறினால் பால். துருவிய தேங்காயைப் பிழிந்தாலும் பால். முற்றாத நெற்கதிரை நசுக்கினாலும் பால்.

ஆதலின் ரப்பர் மரத்தின் முன் நம் முன்னோர் நின்றபோது பெயருக்காகத் திகைக்க வேண்டியிருக்கவில்லை. அம்மரம் தென்னமெரிக்கக் காட்டு மரம். 1876ஆம் ஆண்டு பிரேசிலிலிருந்து விதையாக இலண்டனை அடுத்த கியூ பூங்காவுக்குச் சென்று, 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்தது. அவற்றின் பட்டையைச் சீவிய தமிழன், உள்ளிருந்து வடிந்ததைக் கண்டதும் பால் என்றான். மரத்தைப் பால்மரம் என்றான். மலாய்க்காரரும் தம் மொழியிற் பாலுக்குரிய சொல்லையே இட்டு ‘சூசூ கெத்தா’ என்றனர். ஆங்கிலேயரோ நீர்மத்தைக் குறிக்கும் ஓர் இலத்தீன் சொல்லைக் கொண்டு ‘லேடெக்ஸ்’ என்றனர். இந்த இலத்தீன் மூலத்தைப் பள்ளியிலேயே நான் அறிவேன். என் தாயின் வாயில் நாள்தோறும் புழங்கிய சொல்லின் மூலத்தையே அறியாதிருந்தேன்!

இனி, பெரியவர் சுட்டிய மற்றொரு பாலைப் பார்ப்போம். இது ‘பகு’ என்னும் அடியிற் பிறந்த சொல். பகுதி, பங்கு, பாதி, பாத்தி முதலியன இதன் உடன்பிறப்புகள். தெலுங்கிற் பாலு என்பதற்குப் பங்கு என்றும் பொருள் உண்டு. கன்னடத்தில் அருந்தும் பால் ‘ஹாலு’ ஆகிவிட, பங்கைக் குறிக்கும் சொல் ‘பாலு’ என்றே நின்றது. ஆகவே, ஓசையால் ஒன்றாய்த் தோன்றினும் இவை இரு வேறு சொற்கள்.

திருக்குறள் மூன்று பகுதிகளாய் வகுக்கப்பட்டமையின் முப்பால் எனப் பெயர் பெற்றது. இலக்கணத்தார் உலகத்துப் பொருள்களை ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என ஐந்தாகப் பகுத்தனர். பகுத்தால் பக்கங்கள் தோன்றும் அன்றோ? ஆதலின் பால் என்பது பக்கத்தையும் குறித்தது. ‘என்பால் அன்புகொண்டு’ என்று கடிதம் எழுதுகிறோமே, அதுவும் இதுவே. சான்றோர்க்குத் துலாக்கோலை உவமை காட்டும் 118ஆம் குறளில், தராசு சாயக்கூடாத பக்கத்தைக் குறிக்க வள்ளுவர் ஆண்ட சொல்லும் பால் என்பதே. பகல் என்னும் சொல்லும் பகு என்பதிற் பிறந்ததே. அதற்கு நுகத்தடியின் நடுவே நிற்கும் ஆணி என்றும் ஒரு பொருள் உண்டு. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலைமைக்கு அவ்வாணியை உவமையாக்குகிறது. கொள்வதை மிகுத்துக் கொள்ளாமலும், கொடுப்பதைக் குறைத்துக் கொடாமலும் வாழ்ந்தோர் அவர் என்று அந்நூல் கூறும்.

தராசும் நடுவுநிலைமையும்! அன்று நண்பகல் நான் எங்கே நின்றிருந்தேன்? பால் கொட்டகையில், தராசின் முன்னே.

மரம் வெட்டுவோர் விடியுமுன்னரே நிரைக்குச் செல்வர். வெயில் ஏறுமுன் பட்டையிலுள்ள பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வடியும். மங்குகளில் நிறைந்ததை வாளியிற் சேர்த்துக் கொட்டகைக்குக் கொண்டுவருவர். ஆனால் வாளியின் எடைக்குக் கூலி இல்லை. பாலிற் பெரும்பகுதி நீர். ரப்பர் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை இருக்கும். மழைநீர் கலந்தால் அதனினும் குறையும். ஆகவே கிராணியானவன் ஒவ்வொருவர் பாலையும் நிறுத்து, மாதிரி எடுத்து, அமிலம் இட்டு உறையவைத்து, உலர்த்தி மீண்டும் நிறுத்து, நூற்றுக்கு எத்தனை என்று கணித்துச் செக்ரோலில் எழுதவேண்டும். அவ்வெண்ணே அவர்களுடைய அன்றைய சோறு.

அன்று காலையில் இடையே மழை பெய்தது. மாதக் கடைசியாதலின் கணக்கு வேலை என்னை நெருக்கிற்று. மாதிரிகளை எடுத்துக் கிண்ணங்களில் வைத்தேன். ஆனால் அவற்றை உலர்த்தி நிறுக்கும் பொறுமை எனக்கு இல்லை. பெருந்தொட்டியிற் கலந்த பாலை மிதப்புக் கருவியால் ஒருமுறை அளந்து, எல்லோர் பெயருக்கும் நேரே 28 என்று எழுதிப் பலகையில் ஒட்டிவிட்டேன்.

ஐம்பது வயது கடந்த கைம்பெண் ஒருத்தி பலகையின் முன் நெடுநேரம் நின்றாள். என் தாயோடு ஒரே நிரையில் வெட்டியவள்; என்னைத் தூக்கி வளர்த்தவள்; எப்போதும் ‘தம்பி’ என்றே அழைப்பவள். அவள் என்னிடம் வந்து, “ஐயா, என் பால் தண்ணிப் பால் இல்லைங்க. மழைக்கு முந்தியே எடுத்துட்டேன்” என்றாள்.

“இன்று எல்லோருக்கும் அதுதான், மழை பெய்ததே!” என்றேன்.

“மழை எல்லா நிரையிலும் ஒண்ணாவா ஐயா பெய்யுது?” என்று மெல்லச் சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு சென்றாள்.

அவள் தம்பி என்று அழைக்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. மாலையில், ‘பகுக்கும் பால்’ என்று பெரியவர் கூறியபோதுதான் அந்த ‘ஐயா’ என் செவியில் ஒலித்தது. எல்லோருக்கும் ஒரே எண் எழுதியதை நான் நடுவுநிலைமை என்றே எண்ணியிருந்தேன். அவரவர் உழைப்பை அளந்து அவரவர்க்கு உரியதைப் பகுக்காமல், ஒரே கோட்டால் அடித்துவிடுவது நடுவுநிலைமை ஆகுமா? அது சோம்பல், அதற்கு நான் சமநீதி என்று பெயர் சூட்டியிருந்தேன்.

மறுநாட் காலையில் கிண்ணங்களைத் தேடினேன். நல்வினையாக யாரும் கொட்டிவிடவில்லை. உறைந்து கிடந்த மாதிரிகளை அழுத்தி, உலர்த்தி, ஒவ்வொன்றாய் நிறுத்தேன். அவளுடைய பால் 37 காட்டிற்று. அவள் கொணர்ந்தது 20 கிலோ. நான் எழுதியபடி ரப்பர் 5.6 கிலோ; உண்மையில் 7.4 கிலோ. என் பேனாவின் ஒரு கீறல் அவளிடமிருந்து 1.8 கிலோ ரப்பரின் கூலியைப் பறித்திருந்தது.

செக்ரோலைச் சிவப்பு மையால் திருத்தி, நடந்ததை நிர்வாகியிடம் ஒப்புக்கொண்டேன், கண்டனமும் பெற்றேன். அதுவன்று கடினம். திருத்தியபோது சிலர் எண் ஏறிற்று. சிலர் எண் இறங்கிற்று. இறங்கியவருள் ஒருவன் என் இளமை நண்பன். “இருந்ததை அப்படியே விட்டிருக்கலாமே!” என்றான். பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவன் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். முதல் நாளே அளந்திருந்தால் அவனுக்கு ஏமாற்றம் ஏது?

இச் சொல்லுக்கு இன்னும் ஒரு பொருள் உண்டு. பழந்தமிழில் பால் என்பது ஊழையும் குறிக்கும். தொல்காப்பியக் களவியலில் ஒரே நூற்பாவுக்குள் இச் சொல் ஓரிடத்திற் பக்கம் என்னும் பொருளிலும், மற்றோரிடத்தில் ஊழ் என்னும் பொருளிலும் வருகின்றது. ஒருவனுக்குப் பகுக்கப்பட்ட பங்கு எதுவோ, அதுவே அவன் ஊழ் என்று கருதினர் போலும். பகுத்தவன் கண்முன் நின்ற வரையில் அது பங்கு. அவன் கண்ணுக்கு மறைந்ததும் அதுவே விதி ஆயிற்று!

இதனை எண்ணும்போதெல்லாம் என் பாட்டியின் தாய் நினைவுக்கு வருகிறாள். அவளும் மரம் வெட்டியவளே. 1920களின் இறுதியில், மலாயாவில், போக்குவரத்து எளிதான தோட்டங்களில் இந்தியத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இலக்கணத்தார் சொல்லை அறிவதற்காக வகுத்த ஆண்பாலும் பெண்பாலும், கூலி வழங்கும் மேசையில் பத்துக் காசு வேறுபாடாய் அமர்ந்துகொண்டன. மரத்துக்கு ஆண்கை, பெண்கை தெரியுமா? ஏன் அம்மா இப்படி என்று பாட்டி சிறுமியாய்க் கேட்டபோது, “அது நம்ம தலையெழுத்து” என்றாளாம் அவள் தாய்.

அது தலையில் எழுதிய எழுத்தன்று. குழுவொன்று கூடி, காகிதத்தில் மையால் எழுதிய எழுத்து. அதைப் பார்த்து என்னைப் போன்ற கிராணி ஒருவன் செக்ரோலிற் படியெடுத்திருப்பான். அவனும் நல்லவனாகவே இருந்திருக்கலாம்; மாதக் கடைசி வேலையால் நெருக்கப்பட்டவனாகவும் இருந்திருக்கலாம். மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம் என்பதற்குச் சிவப்பு மையால் நிறைந்த என் செக்ரோலின் அந்த ஒரு பக்கமே எனக்குச் சான்று.

இன்று எங்கள் தோட்டத்திற் செம்பனை பெருகிவிட்டது. பால்மரம் சில நிரைகளே எஞ்சியுள்ளன. பெரியவர் மறைந்தார். அந்த அம்மையார் வேலையை விட்டு மகனோடு நகரத்தில் இருக்கிறார். காணும்போது தம்பி என்றே அழைக்கிறார். இப்போது வெட்டுவோரிற் பலர் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் ஆவர். அவர்கட்குத் தமிழ் தெரியாது. ஆயினும் எங்களிடமிருந்து ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டிருக்கின்றனர். நண்பகலில் வாளியைத் தராசில் வைத்து, என் முகத்தைப் பார்த்து, “பால்” என்கின்றனர்.

நான் மாதிரி எடுத்து, கிண்ணத்தில் அவரவர் எண்ணை எழுதி வைக்கிறேன்.