எங்கே இருக்கிறாய்?

தாய்மார் கேட்கும் கேள்விகளுள் மிகப் பழையது, "எங்கே இருக்கிறாய்?" என்பதே. என் அக்காளும் தம் மகனிடம் நாள்தோறும் தொலைபேசியில் இதைத்தான் கேட்கிறார். மற்றத் தாய்மாருக்கு இல்லாத காரணமொன்று அவருக்கு உண்டு. அவர் மகன் வார நாள்களில் தொழிற்சாலையில் பொறியாளன். வார இறுதிகளில் சிறு விமானம் ஓட்டுபவன். சேமித்த பணத்தையெல்லாம் செலவிட்டுப் பயிற்சி பெற்று, தனியார் விமானி உரிமம் வாங்கியவன். அவனுக்குத் தாய்மாமனாகிய நான், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ப்பள்ளிகளில் கரும்பலகையோடு காலங்கழித்தவன். விமானம் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். அச்சமே என் தகுதி. அந்த அச்சம் எனக்கு எப்படி வந்தது, எப்படி அறிவாக மாறியது என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் ஒரு சனிக்கிழமை. சுபாங்கிலிருந்து ஈப்போவுக்குத் தன்னோடு வருமாறு தம்பி என்னை அழைத்தான். நான்கு பேர் அமரக்கூடிய செஸ்னா 172 வகை விமானம்; ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். வானில் மெல்லிய புகைமூட்டம் இருந்தது. பறக்கத் தடையில்லை, ஆயினும் தொலைவிலுள்ள பொருள்கள் சாம்பல் பூசியவைபோல் மங்கித் தெரிந்தன. அவன் தொடைமேல் டேப்லெட் எனப்படும் பலகைக் கணினி ஒன்று கட்டப்பட்டிருந்தது. அதில் வான்வழி வரைபடம். அதன்மேல் நாம் செல்ல வேண்டிய பாதை ஒரு கோடாகவும், நாம் இருக்கும் இடம் ஒரு நீலப் புள்ளியாகவும் தெரிந்தன. "இதுதான் மாமா நாம்" என்று அவன் அந்தப் புள்ளியைக் காட்டியபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

புறப்பட்டுப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். வகுப்பில் மாணவர் ஏட்டை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அவ்வாறே அந்தப் பலகையையும் எட்டிப் பார்த்தேன். புள்ளி சுங்கை பூலோவுக்கு மேலேயே நின்றது.

"தம்பி, இது அசையவில்லையே."

அவன் ஒரு கணம் அதை உற்று நோக்கினான். பிறகு நிமிர்ந்து சன்னலுக்கு வெளியே பார்த்தான். வலப்புறம் தித்திவங்சா மலைத்தொடர். அதன் அடிவாரம் மட்டுமே கண்ணுக்குப் புலப்பட்டது. முடிகள் புகைக்குள் மறைந்திருந்தன. அவன் பதறவில்லை. திசைகாட்டியைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான், இருக்கைக்கு அருகில் மடித்து வைத்திருந்த காகித வரைபடத்தை எடுத்தான். கீழே வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை தெரிந்ததும் விமானத்தைச் சற்றே இடப்பக்கம் திருப்பினான். "இந்தச் சாலை நமக்கு வலப்பக்கம் இருக்கிற வரைக்கும் மலை அதற்கு அப்பால்தான் மாமா" என்றான். தஞ்சோங் மாலிம், சிலிம் ரீவர், பீடோர், தாப்பா என ஊர்கள் ஒவ்வொன்றாய் வந்தன. கம்பாரை நெருங்குகையில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் வெள்ளித் தட்டுகளைப் போல மின்னின. அப்பால் சுண்ணாம்புக் குன்றுகள், பின்னர் ஈப்போ. இறங்கிய பிறகுதான் என் உள்ளங்கை வியர்த்திருந்ததை உணர்ந்தேன்.

சிற்றுண்டிக் கடையில் அவன் மெல்லச் சொன்னான்: "மாமா, நீங்கள் சொல்வதற்கு முன்னால் சில நிமிடங்கள் நான் அந்தப் புள்ளியைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்." நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் புள்ளி ஏன் நின்றது என்பதை அறியாமல் என்னால் உறங்க முடியவில்லை.

காரணம் எளிதாகவே விளங்கியது. அவன் வாங்கியிருந்தது வைஃபை மட்டும் உள்ள பலகைக் கணினி. அவ்வகைக் கருவிகள் பலவற்றுள் செயற்கைக்கோள் அலைகளை வாங்கும் உறுப்பே கிடையாது. அக்கம்பக்கத்து வைஃபை நிலையங்களை அடையாளங்கண்டு, அவற்றின் துணைகொண்டே அவை இடத்தைக் கணிக்கின்றன. வீட்டிலும் விமானத் திடலிலும் அது சரியாகவே காட்டியது. ஈராயிரம் அடி உயரத்தில் அண்டை அயலார் எவருமில்லை. ஆகவே தான் கடைசியாக அறிந்த இடத்தையே காட்டிக்கொண்டு அது வாளாவிருந்தது. தொலைபேசி அட்டை இடும் வசதியுள்ள வகையில் ஜி.பி.எஸ். உறுப்பு பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். இல்லாத பலகைக்குப் புறத்தே ஒரு ஜி.பி.எஸ். ஏற்பியை வாங்கி, புளூடூத் வழியாக இணைக்க வேண்டும். அந்த ஏற்பியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் நானும் பங்கு கேட்டேன். மாமன் அல்லவா!

தேர்வதற்கு முன் அது இயங்கும் முறையை அறிய விரும்பினேன். மூன்று மாணவர்களைத் திடலின் மூன்று மூலைகளில் நிறுத்தி, ஒவ்வொருவரிடமிருந்தும் நான் எவ்வளவு தொலைவில் நிற்கிறேன் என்று கயிற்றால் அளந்தால், நான் நிற்கக்கூடிய இடம் ஒன்றே. ஜி.பி.எஸ். முறையும் அத்தகையதே. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அணுக் கடிகாரங்களைச் சுமந்துகொண்டு நேரத்தை அறிவித்தவண்ணம் இருக்கின்றன. அலை வந்து சேர எடுத்த நேரமே இங்கே கயிறு. நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவில் 300 மீட்டர் பிழைத்துவிடும். ஏற்பியின் கடிகாரமோ மலிவானது. அதன் பிழையைத் திருத்தவே நான்காவது செயற்கைக்கோள் ஒன்றும் தேவைப்படுகிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. அது நீக்கப்பட்ட பிறகே கையடக்கக் கருவிகள் சில மீட்டர் அளவுக்குத் துல்லியம் பெற்றன.

இனி, கடையில் வைக்கப்பட்டுள்ள பெட்டிகளுக்கு வருவோம். ஒவ்வொரு பெட்டியின் மீதும் எண்கள் வரிசை வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. நொடிக்கு ஒருமுறை இடம் காட்டுபவை சில. பத்துமுறை காட்டுபவை சில. மணிக்கு 100 கடல் மைல் வேகத்தில் செல்லும் விமானம் நொடிக்கு 51 மீட்டர் கடக்கிறது. பத்துமுறை காட்டும் கருவியில் புள்ளி ஐந்தைந்து மீட்டராக வழுக்கிச் செல்லும். ஒருமுறை காட்டும் கருவியில் தாவிச் செல்லும். கண்ணுக்கு முன்னது இனிது. ஆயினும் நாடு கடந்து செல்லும் வழியை அறிய நொடிக்கு ஒருமுறையே போதும் என்பது கணக்கின் முடிவு.

"வாஸ்" என்னும் திருத்தமுறையைப் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். அது வட அமெரிக்காவுக்காக அமைந்த முறை. இந்தியாவுக்குக் "ககன்" என ஒன்று உண்டு. ஒவ்வொன்றும் தன் தன் வட்டாரத்துத் தரை நிலையங்களின் அளவீட்டைக் கொண்டே திருத்தம் வழங்குகிறது. நம் மலேசிய வானில் அந்தச் சொல்லுக்காகக் கூடுதல் பணம் தருவதில் பொருளில்லை. விலையுயர்ந்த வேறு சில ஏற்பிகள் வானிலைப் படங்களையும் வாங்கித் தரும் என்றார்கள். 978 மெகாஹெர்ட்ஸ் அலையில் அந்த வானிலைச் செய்தியை ஒலிபரப்பும் தரை நிலையங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன, இங்கே இல்லை. ஒலிபரப்பாத வானொலியைக் கேட்க யாரேனும் பெட்டி வாங்குவார்களா?

நமக்கு வேண்டியது வேறு. நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்கிறோம். இங்கே வளிமண்டலத்தின் மின்னூட்ட அடுக்கு, கதிரவன் மறைந்தபின் குமிழிகளாகக் குலைந்து, செயற்கைக்கோள் அலைகளை நடுங்கச் செய்கிறது. மார்ச்சு, செப்டம்பர் மாதங்களை ஒட்டியும், கதிரவனின் கொந்தளிப்பு மிகும் ஆண்டுகளிலும் இது அதிகம். ஆகவே அமெரிக்கக் கோள்களோடு இரசியாவின் குளோனாஸ் கோள்களையும் வாங்கும் ஏற்பி நல்லது. சில நடுங்கினாலும் சில நிலைக்கும். கார்மின் குளோ 2, டூயல் எக்ஸ்.ஜி.பி.எஸ். 160 ஆகியவை இவ்விரண்டையும் வாங்குபவை.

அடுத்தது வெயில். பலகைக் கணினிகள் பலவற்றுக்கு 35 பாகை செல்சியஸ் வரைதான் இயங்கும் எல்லை என்று அவற்றைச் செய்தோரே வரையறுத்துள்ளனர். நம் நாட்டில் நண்பகலில் நிறுத்தி வைத்த விமானத்தின் உட்புறம் அதை எளிதில் தாண்டிவிடும். புற ஏற்பியின் மறைவான நன்மை இங்கேதான் தெரிகிறது. வானம் நன்கு தெரியும் முன்கண்ணாடியின் அடியில் சிறிய ஏற்பியை வைத்துவிட்டு, பலகையை நிழலில் தொடைமேல் வைத்துக்கொள்ளலாம். செஸ்னாவின் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் வானத்தின் ஒரு பகுதியை அது மறைக்கும் என்பதையும் மனத்திற்கொள்ள வேண்டும். ஏற்பியைத் திசைகாட்டிக்கு அருகில் மட்டும் வைக்கலாகாது. ஒரு துணைக்காக இன்னொரு துணையைக் கெடுத்தல் அறிவன்று. மின்கலம் பயண நேரத்தைப் போல இருமடங்கேனும் தாங்க வேண்டும். உயரத்தையோ ஜி.பி.எஸ். காட்டும் எண்ணைக் கொண்டு கொள்ளலாகாது. எல்லா விமானங்களும் காற்றழுத்தமானியின் உயரத்தையே பொதுவாகக் கொண்டு பறக்கின்றன.

இத்தனையும் பட்டியலிட்ட பிறகும் என் மனம் நிறைவடையவில்லை. சுங்கை பூலோவின் மேல் நின்ற அந்தப் புள்ளி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அது அறியாமல் இருந்தது குற்றமன்று. அறிந்ததுபோல் காட்டியதுதான் குற்றம். வகுப்பில், "தெரியவில்லை, ஐயா" என்று எழுந்து நிற்கும் மாணவனால் எனக்கு ஒருபோதும் தீங்கு நேர்ந்ததில்லை. தவறான விடையை உறுதியான குரலில் சொல்பவனே வகுப்பு முழுவதையும் தவறான வழிக்கு இழுத்துச் செல்கிறான். ஆகவே தம்பியிடம் சொன்னேன்: "எத்தனை முறை காட்டும் என்று கேட்காதே. செயலிழந்தால், இழந்தேன் என்று சொல்லுமா என்று கேள்."

கருவிகள் இல்லாமையால் மட்டுமே மனிதர் வழி தவறுவதில்லை. 1983ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள், ஆங்கரேஜிலிருந்து சோல் நோக்கிச் சென்ற கொரிய விமானம் 007 பாதை விலகிச் சோவியத் வான்வெளியில் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 உயிர்கள் போயின. அவ்விமானத்தில் சடத்துவ வழிகாட்டிக் கருவிகள் மூன்று இருந்தன. தானியங்கி ஓட்டுமுறை அவற்றைப் பின்பற்றாததை விமானிகள் கவனிக்கவில்லை என்றே அனைத்துலகப் பொது வான்பயண அமைப்பின் 1993ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. அந்தத் துயரத்தை அடுத்தே, பணி முற்றுப்பெற்றதும் ஜி.பி.எஸ். பொது விமானங்களுக்கும் வழங்கப்படும் என்று அதிபர் ரேகனின் அரசு அறிவித்தது. இன்று நம் தொடைமேல் ஒளிரும் நீலப் புள்ளிக்குப் பின்னால் அத்தனை உயிர்கள் இருக்கின்றன.

இரு கோள்தொகுதிகளையும் வாங்கும் எளிய ஏற்பி ஒன்றைத் தம்பி வாங்கினான். செயற்கைக்கோள் கிடைத்ததா இல்லையா என்பதை அதன் விளக்கே காட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எங்கள் பள்ளித் திடலுக்குக் கொண்டுவந்தான். கொடிக்கம்பத்தடியில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தோம்; புள்ளி சில மீட்டருக்குள் மட்டுமே ஊசலாடியது. பிறகு அதை அணைத்தோம். வரைபடம் உடனே எச்சரிக்கிறதா, மீண்டும் இயக்கினால் எத்தனை நொடியில் உயிர் பெறுகிறது என்றெல்லாம் குறித்துக்கொண்டோம். வைஃபையை முற்றிலும் நிறுத்திவிட்டும் பார்த்தோம். வீட்டில் வென்ற சோதனை வானில் தோற்ற பாடத்தை இருவருமே மறக்கவில்லை. வள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆராயாமல் நம்புவதும் இடர். ஆராய்ந்து நம்பிய பின் வீணே ஐயுறுவதும் இடர். மனிதர்க்குச் சொன்ன அறம் கருவிக்கும் பொருந்துகிறது.

2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் மீண்டும் அதே பாதையில் அவனோடு சென்றேன். வானம் தெளிந்திருந்தது. சிலிம் ரீவரைக் கடந்ததும் அவனாகவே ஏற்பியை அணைத்தான். இடம் தெரியவில்லை என்று பலகை நேர்மையாக ஒப்புக்கொண்டது. பத்து நிமிடம் திசைகாட்டி, கடிகாரம், சாலை, இரயில் பாதை இவற்றைக் கொண்டு காகித வரைபடத்தில் பென்சிலால் ஒரு குறுக்குக் குறி இட்டான். பிறகு ஏற்பியை இயக்கினான். புள்ளிக்கும் குறிக்கும் இடையே ஒரு கடல் மைல்கூட இல்லை. இருபது மாணவர் சிறப்புத் தேர்ச்சி பெற்ற ஆண்டில்கூட எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி உண்டானதில்லை.

ஈப்போவில் இறங்கியதும் அக்காள் அழைத்தார். அன்று முதன்முறையாக, முன்பு நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "அப்பாவின் விளக்கு காட்டுக்குள் எத்தனை முறை அணைந்திருக்கிறது, தம்பி! அவர் வராமலா போனார்?" என்றார்.

உண்மைதான். எங்கள் தந்தையார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக் களத்திலிருந்து, நெற்றியில் கட்டிய விளக்கோடு நிரைக்குள் நுழைவார். நல்ல விளக்காகப் பார்த்துத்தான் வாங்குவார். நாள்தோறும் துடைத்து வைப்பார். ஆயினும் எந்த நிரையில் எத்தனையாவது மரத்தடியில் நிற்கிறோம் என்பதை அவர் கால்கள் அறிந்திருந்தன. நல்ல கருவியைத் தேர்ந்து வாங்குவோம். அது அணைந்த பொழுதிலும் வழியறியும் கால்களை நம் பிள்ளைகளுக்கு வளர்த்துக் கொடுப்போம்.