சில்லிட்ட இடது பாதம்

கீழ்முதுகில் நரம்பு வேர் ஒன்று நெருக்குண்டு எட்டு மாதங்கள் ஆகின்றன. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை நின்றுகொண்டுதான் எழுதி வருகிறேன். ஹைதராபாத்தின் மே மாத வெயிலிலும் இடது பாதம் மட்டும் சில்லிட்டிருப்பதாக ஒரு மருத்துவரிடம் சொன்னேன். மனப்பிரமை என்றார். வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்டார். ஏழு என்றேன், குறித்துக்கொண்டார்.

அது மனப்பிரமை அன்று. தோலின் குருதிக் குழாய்களைச் சுருக்குவதும் விரிப்பதும் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத பரிவு நரம்புகளின் வேலை. முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பு வேரை நெருக்கும்போது இந்த ஒழுங்கும் குலையக்கூடும். குழாய்கள் சுருங்கிக் குருதியோட்டம் குறைந்தால் தோல் குளிரும். நலமான உடலில் இடப்புறமும் வலப்புறமும் ஒத்த இடங்களின் வெப்பநிலை பெரும்பாலும் அரை டிகிரிகூட வேறுபடுவதில்லை. நரம்பு நெருக்குண்டவர்கள் பலரிடம் வலியுள்ள கால் அதைவிடக் கூடுதலாகக் குளிர்ந்திருப்பதை அகச்சிவப்பு வெப்பப்படங்கள் காட்டியுள்ளன.

ஆயினும் அப்படத்தைக் கொண்டு மட்டும் நோயை உறுதிசெய்ய இயலாது. அறையின் காற்றும் குருதிக்குழாய் நோயும்கூடத் தோலைக் குளிர்விக்கும். எம்.ஆர்.ஐ. படத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வலியே இல்லாத இருபது வயதினருள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு வட்டுப் பிதுக்கம் இருப்பதாக 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணித்தது. அப்படம் காட்டுவது வடிவத்தை, வலியை அன்று.

மொழியியல் பயின்றதால் என் கவனம் சொற்களுக்குச் செல்கிறது. ‘எனக்கு வலிக்கிறது’ என்கிறோம். நான்காம் வேற்றுமை ஏற்ற அந்த ‘எனக்கு’ இருக்கும்வரை அந்த வலிக்கு நான் ஒருவரே சாட்சி. ‘கால் குளிர்ந்திருக்கிறது’ என்பதில் ‘எனக்கு’ இல்லை. தொட்டுப் பார்க்கும் எவரும் அதைச் சொல்லலாம். ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரலில் 78 சொற்கள் உள்ளன. எரிச்சலுக்கு ஒரு தொகுதி, குளிர்ச்சிக்கு ஒரு தொகுதி. எவ்வளவு வலி என்பதோடு எத்தகைய வலி என்றும் கேட்கவேண்டும் என்பதே அதன் அடிப்படை. ‘ஏழு’ என்ற விடையில் என் பாதத்தின் குளிர்ச்சி இல்லை.

பல மணி நேரம் நாற்காலியில் அமரும் நண்பர்களுக்கு ஒன்று: கால் மரத்தாலோ சில்லிட்டாலோ அதைச் சொல்லத் தயங்காதீர்கள். பாதத்தை உயர்த்த முடியாமற்போனாலோ சிறுநீர்க் கட்டுப்பாடு தவறினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். யாரேனும் உங்களிடம் சொன்னால், நம்புவதற்கு முன் படம் கேட்காதீர்கள்.