ஜிம்மியும் வந்தான்... அதனால் அம்மாவும் வந்தார்!

"ஜிம்மியை யார் பார்த்துக்கிறது?"

எங்கள் மதுரை வீட்டில் டூர் பேச்சை எடுத்தாலே வரும் கேள்வி இது. 11 வருடங்களாகப் பதில் ஒன்றுதான்: அம்மா! சித்தி மகள் கல்யாணத்துக்குக்கூட காலையில் போய்விட்டு ராத்திரியே திரும்பி வந்தார். ஜிம்மி, தெருவில் இருந்து வந்த நாட்டு நாய். அம்மா வைத்தால்தான் சாப்பிடுவான்.

அதனால், இந்த முறை ஊரைத் தேடவில்லை. நாயை அனுமதிக்கும் தங்குமிடத்தைத் தேடினோம். கடலும் வேண்டும், மலையும் வேண்டும் என்றால் நமக்குக் கன்னியாகுமரி மாவட்டம்தான். போன் போட்டால், "நாயா? வேண்டாம்ங்க" என்றுதான் பல இடங்களில் சொன்னார்கள். 'பெட் ஃப்ரெண்ட்லி' என்று போட்டிருந்த ஓரிடத்தில், "வெளியே ஷெட்டில் கட்டிக்கலாம்" என்றார்கள். அறைக்குள் தூங்கலாமா, தனிக் கட்டணம் உண்டா, காம்பவுண்டு சுவர் இருக்கிறதா, அங்கே வேறு நாய் இருக்கிறதா? இந்த நாலையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசியில் நாகர்கோவிலுக்கு வெளியே, தென்னந்தோப்புக்குள் ஒரு சின்ன லாட்ஜ் கிடைத்தது. மொட்டை மாடியில் நின்றால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழை மட்டும் கேட்டார்கள். அவன் போர்வையையும் தட்டையும் நாங்களே எடுத்துப் போனோம். பழகிய வாசனை இருந்ததால், புது இடத்திலும் முதல் நாளே குறட்டை விட்டுத் தூங்கினான்.

காரில்தான் போனோம். ரயில் என்றால், முதல் வகுப்பில் கூபே அல்லது கேபினை முழுசாக நாமே பதிவு செய்தால்தான் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பிரேக் வேனில் இருக்கும் கூண்டில்தான் ஏற்ற வேண்டும். வயசான நாய்க்கு அது சரிப்படாது. கிளம்பும்முன் வயிறு நிறையச் சாப்பாடு போடவில்லை. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி நடக்கவிட்டோம். ஆரல்வாய்மொழி காற்றாலைகளைத் தாண்டும்போது அடித்த காற்றில் அவன் காதுகள் இரண்டும் பின்னால் பறந்தன.

சாயங்காலம் முட்டம் கடற்கரை. வெயில் தாழ்ந்த பிறகே போனோம். புறங்கையை மணலில் வைத்துப் பாருங்கள். நமக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் வரும், அதனால் குடிதண்ணீர் கையிலேயே இருந்தது. மீன் வலைகளும் தெருநாய்களும் இருப்பதால் கயிற்றை விடவே இல்லை.

மலைக்காட்டுக்குள் மட்டும் அழைத்துப்போகவில்லை. சரணாலயங்களில் வளர்ப்பு நாய்க்கு இடமில்லை. அதனிடமிருந்து நோய்கள் காட்டு விலங்குகளுக்குத் தொற்றும்; சிறுத்தையிடம் அதுவே மாட்டிக்கொள்ளவும் கூடும். ஜிம்மிக்கு மலை, மொட்டை மாடிக் காட்சியோடு சரி.

மறுநாள் காலை அப்பா சொன்னார், "நான் ஜிம்மியோட இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க." கன்னியாகுமரியில் சூரிய உதயம், படகு, விவேகானந்தர் பாறை... அங்கிருந்து வள்ளுவர் சிலைக்குப் போகும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் என் கையை இறுகப் பிடித்தபடி அம்மா நடந்தார். அந்தப் பாலம் 2024 டிசம்பர் 30-ல்தான் திறக்கப்பட்டது. பாதி வழியில் அப்பாவுக்குப் போன்: "தயிர் சாதம் சாப்பிட்டானா?"

"தட்டை நக்கிட்டான்."

அதுக்கப்புறம்தான் அம்மா நிமிர்ந்து கடலைப் பார்த்தார்.

நாயை அனுமதிக்கும் லாட்ஜ் என்றால் நாய்க்கான சலுகை என்று நினைத்திருந்தேன். நாயைக் காரணம் சொல்லி வீட்டிலேயே தங்கிவிடும் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அறை எடுத்தது உண்மையில் அவருக்காகத்தான்.