கூதிர்காலக் குறிப்பேடு

நுழையும்முன்

செய்யுளில் ஊறிய ஒருவர் உரைநடைக்குத் திரும்புவது தமிழ் இலக்கிய வரலாற்றில் புதிதன்று. அத்திருப்பம் சிலருக்குக் காலத்தின் தேவையால் நேர்ந்தது; சிலருக்குச் சொந்த வாழ்வின் தேவையால் நேர்ந்தது. முப்பது ஆண்டுகள் கவிதை எழுதிய ஒருவர், ஓர் ஐப்பசி மாதத்தில் உரைநடையை நாட நேர்ந்த கதையை இக்கட்டுரையில் சொல்கிறார்.

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் வானம் தாழ்ந்துவிடும். மயிலாடுதுறைக்குக் கிழக்கே, நிலம் கடலை நோக்கிச் சரியும் கடைமடைப் பகுதி எங்களுடையது. காவிரியின் கிளையாறு ஒன்றிலிருந்து பிரியும் வாய்க்கால் ஊரின் மேற்கு எல்லையைத் தொட்டு, வளைந்து, கீழூருக்குப் போகும். நடவு முடிந்த சம்பா வயல்களில் பயிர் பச்சை பிடித்து நிற்கும் நாள்கள் இவை. ஓரிரவு மழை வலுத்தால் போதும், காலையில் வரப்பு எது, வயல் எது என்று தெரியாது. தவளைகளின் குரலில் உறங்கி, கூரையில் விழும் நீரின் ஓசையில் விழிப்போம்.

பிறமொழி நூல்களைத் தமிழாக்கும்போது இந்த மாதங்களை இலையுதிர்காலம் என்று எழுதிவிடுகிறோம். நானும் கல்லூரி நாள்களில் அப்படியொரு கவிதை எழுதினேன். அதில் நான் கண்ணாலும் கண்டிராத மேப்பிள் மரத்தின் இலைகள் உதிர்ந்தன! எங்கள் ஊர் மரங்கள் இலையுதிர்ப்பது மாசியிலும் பங்குனியிலும். ஐப்பசியில் அவை நனைந்து, தழைத்து, கிளை தாழ்ந்து நிற்கும். ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். கூதிர் குறிஞ்சிக்குரிய பொழுது. மருதத்துக்கோ ஆறு பொழுதுகளும் உரியவை. மருத நிலத்தில் பிறந்த எனக்கு அந்த வரையறை இளமையில் பெருமிதம் தந்தது. வெயிலோ மழையோ பனியோ, எது வந்தாலும் உழவன் வயலில்தானே நிற்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

கூதிரைப் பாடிய நூல்களுள் நெடுநல்வாடைக்கு இணை இல்லை. 188 அடிகளில் நக்கீரர் அக்காலத்தையே நம்முன் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார். மழையிருளில் பகலா இரவா என்று தெரியாத பெண்கள், தட்டில் வைத்த பிச்சி அரும்பு மலர்வதைக் கொண்டு மாலை வந்ததை உணர்கிறார்கள். அரண்மனையில் தலைவனைப் பிரிந்திருக்கும் அரசிக்கு நீண்டுகொண்டே போகும் வாடை, பாசறையில் வென்று நிற்கும் அரசனுக்கு நல்வாடையாகிறது. ஒரே காற்றுக்கு இரண்டு பெயர்கள். ஒரே இரவை இருவர் இரு வேறு விதமாகக் கழித்திருக்கலாம் என்பதை அந்தத் தலைப்பே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

என் தந்தை லஸ்கர். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் தலைமதகைக் காத்து, பலகைகளை ஏற்றியும் இறக்கியும் நீரை முறைப்படுத்தும் கடைநிலை ஊழியர். வழக்கமாகச் சூன் 12ஆம் நாள் திறக்கப்படும் மேட்டூர் அணையின் நீர் எங்கள் மதகை வந்தடைவது முதல், சனவரி 28இல் அணை அடைக்கப்படும்வரை அவருக்கு ஓய்வில்லை. அந்த மதகுக்கு மூன்று கண்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் ஓர் இரும்புப் பலகை. அதை இயக்க மேலே ஒரு திருகு. ஆற்றில் வெள்ளம் வரும்போது பலகைகளை இறக்கிவிட வேண்டும். இறக்கத் தவறினால் வெள்ளம் வாய்க்காலுக்குள் புகுந்து கரையை உடைக்கும்.

1977 நவம்பர் 12 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கு அருகே கரையைக் கடந்த புயலை எங்கள் பகுதி முதியவர்கள் இன்றும் மறக்கவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது. அந்த இரவைப் பற்றி என் நினைவில் இருப்பவை மூன்றே: காற்றின் ஊளை, அரிக்கேன் விளக்கின் புகை, நெற்றியில் ஈரத்துணி. கவிதைக்கு இது போதாதா? இருபத்தைந்து வயதில் அந்த இரவைக் கவிதையாக்கினேன். அதில் என் தந்தை கழுத்தளவு நீரில் நின்று விடியும்வரை மதகைக் காத்தார். ஆற்றைத் தோளால் தடுத்தார். அக்கவிதைதான் எனக்குப் பெயர் தேடித்தந்தது. மேடைகளில் அதையே கேட்டார்கள். நானும் சலிக்காமல் படித்தேன்.

ஒருமுறை மயிலாடுதுறையில் நடந்த கவியரங்கத்துக்கு அவரை அழைத்துச் சென்றேன். முன் வரிசையில், மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். அரங்கம் கைதட்டியது. வீடு திரும்பும் பேருந்தில், “நல்லாத்தான் படிச்சம்மா” என்றார். சற்று நேரம் கழித்து, “அன்னிக்கு ராத்திரி ஒனக்கு ஒடம்பு அனலாக் கொதிச்சுது” என்றார். தந்தையின் பாசம் பேசுகிறது என்று எண்ணிக்கொண்டேன். அதன்பிறகு நான் கவிதை படித்த எந்த அரங்குக்கும் அவர் வரவில்லை. முழங்கால் வலி என்று காரணம் சொன்னார்.

அவர் மறைந்த ஆண்டின் ஐப்பசியில் பரண்மீது மழை ஒழுகியது. அவருடைய தகரப்பெட்டி நனைந்துவிடக் கூடாதே என்று இறக்கித் திறந்தேன். உள்ளே நூலால் கட்டிய குறிப்பேடுகள். அலுவலகப் பதிவேடு வேறு. இவை அவர் தமக்கென்று எழுதி வைத்தவை. நீரின் அளவு, நேரம், பலகையின் நிலை, இவ்வளவே. நான் வளர்ந்த காலத்தில் பலமுறை பார்த்தவைதாம். ‘உயிரில்லாத எழுத்து’ என்று ஏளனமாகப் புரட்டிவிட்டு வைத்தவையுந்தாம். அன்று என்னவோ தோன்றி 1977ஆம் ஆண்டு ஏட்டைப் பிரித்தேன்.

நவம்பர் 11ஆம் நாளுக்குக் கீழே இப்படி எழுதியிருந்தார்: ‘மாலை 6. அளவு 7 அடி. இரண்டு கண் இறக்கினேன். மூன்றாவது கண் திருகு சிக்கியது. இரவு வந்து பார்க்க வேண்டும்.’

மறுநாளுக்குக் கீழே: ‘இரவு போகவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல். காற்று. காலை 5. கீழ்க்கரை உடைப்பு.’

மழை ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தேன். ஆற்றைத் தோளால் தடுத்த மனிதர் அன்றிரவு என் தலைமாட்டில் இருந்திருக்கிறார். என் நெற்றியில் ஈரத்துணியை மாற்றியது அம்மா என்றே நினைத்திருந்தேன். இதைத்தான் பேருந்தில் என்னிடம் சொல்ல முயன்றார். முப்பது ஆண்டுகளாக, அவர் செய்யாத ஒன்றுக்காக அவரை ஊரறியப் புகழ்ந்திருக்கிறேன். அந்தக் கைதட்டல் அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்!

பிழையைத் திருத்த எனக்குத் தெரிந்த வழியில் முயன்றேன். புதிய கவிதை ஒன்றைத் தொடங்கினேன். ‘மூன்றாவது கண்’ என்று முதல் வரியில் எழுதியதுமே அது சிவனின் நெற்றிக்கண் ஆகிவிட்டது. இரண்டாம் வரியில் நெருப்புப் பறந்தது. நான்காம் வரியில் என் தந்தை மறுபடியும் பேருருக் கொண்டுவிட்டார். கிழித்துப்போட்டேன். அவர் சொன்ன கண் மதகின் கண். அதன் பலகை துருப்பிடித்த இரும்பு. அதற்குத் தேவைப்பட்டது எண்ணெய். இதைச் சொல்ல என் கவிதைக்கு மனமில்லை. கவிதையே அப்படித்தான் என்று சொல்லமாட்டேன். துருவையும் எண்ணெயையும் பாட வல்லவர்கள் இருக்கிறார்கள். நான் பழக்கிய கவிதை அலங்காரத்துக்குப் பழகிவிட்டது. குற்றம் என்னுடையதே.

உரைநடையை நாடுவது என்று முடிவு செய்தபோது, தோற்றவள் போலத்தான் உணர்ந்தேன். தொல்காப்பியர் யாப்பின் எழுவகை நிலங்களுள் பாட்டை அடுத்து உரையையும் வைத்திருக்கிறார் என்பதை எண்ணி ஆறுதல் பெற முயன்றேன். எங்கள் மண்ணிலேயே முன்னோடிகள் உண்டு. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1859இல் நீதிநூலைச் செய்யுளாகத் தந்தவர். 1879இல் பிரதாப முதலியார் சரித்திரத்தை உரைநடையில் வெளியிட்டார். அதே மாயூரத்துக்கு மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்க வந்த இளைஞர் சாமிநாதன், பின்னாளில் உ.வே.சா. ஆகி, வாழ்நாளெல்லாம் ஏட்டுச்சுவடிச் செய்யுள்களோடு போராடினார். தம் வாழ்க்கையைச் சொல்ல வந்தபோது அவர் எடுத்துக்கொண்டது எளிய உரைநடை. எண்பத்தைந்து வயதை நெருங்கிய நிலையில், 1940இல் ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. அவருக்கு முன் என் ஐம்பத்தாறு வயது எம்மாத்திரம்?

ஆனால் முன்னோடிகள் துணைக்கு வரலாம், எழுதித் தரமாட்டார்கள். நான்கு நாள்கள் ஒரு பத்தியும் ஓடவில்லை. கவிதையில் ‘கரை உடைந்தது’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். கேட்பவர் நெஞ்சில் அதுவே உடைந்துகொள்ளும். உரைநடை என்னைப் போகவிடவில்லை. எந்தக் கரை? எவ்வளவு தூரம்? யாருடைய வயல்? என்று கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை. இன்னொரு புதிரும் இருந்தது. அந்தப் புயலுக்குப் பின், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு, நீரளவுகளுக்கு நடுவே ‘மணல் 20 கூடை’, ‘மணல் 35 கூடை’ என்ற குறிப்புகள் வந்தன. அவர் பின்னாளில் எங்கள் வீட்டில் ஓர் அறை கட்டினார். அதற்குச் சேர்த்த மணலாக இருக்கும் என்று நினைத்தேன். என்றாலும், கட்டிய ஆண்டு பொருந்தவில்லை.

ஐப்பசி முழுவதும் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் காவிரி நீராடல் நடக்கும். மாதத்தின் கடைசி நாள் கடைமுகம். அன்று ஊரே கூடும். அதற்கு மறுநாள், கார்த்திகை முதல் நாள், முடவன் முழுக்கு. நீராடப் புறப்பட்ட கால் முடியாத ஒருவர், கடைமுகம் கழிந்த பிறகே வந்து சேர்ந்தாராம். அவருக்காக இறைவன் ஒரு நாளை நீட்டித்துத் தந்தார் என்பது கதை. சிறு வயதில் தந்தை எங்களைக் கடைமுகத்துக்கு அழைத்துச் சென்றதே இல்லை. மழைக்காலத்தில் மதகை விட்டு நகர முடியாது. மாற்றாள் கிடைத்தால் முடவன் முழுக்கன்று போவோம். படித்துறையில் கூட்டம் குறைந்திருக்கும். “நமக்கு இதுதாம்மா தோது” என்பார்.

அவ்வாண்டு அந்த நாளில் நான் ஆற்றுக்குப் போகவில்லை. குறிப்பேட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழூருக்குப் போனேன். உடைப்பைப் பற்றிக் கேட்டபோது, திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவரைக் காட்டினார்கள். எண்பதைக் கடந்தவர். இன்னார் மகள் என்று சொன்னதும் என் கையைப் பிடித்து அருகில் அமர்த்திக்கொண்டார். ஏட்டைப் பிரித்து அந்த இரண்டு நாள்களையும் படித்துக்காட்டினேன். என் குரல் நடுங்கியது. எந்த அரங்கிலும் அப்படி நடுங்கியதில்லை.

அவர் வியப்படையவில்லை.

“இது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே! விடிஞ்சதும் ஒங்கப்பாவே வந்து சொல்லிட்டாரே. எங்க வீட்டுக்காரருக்குக் கோவம்னா கோவம். ஒன்றரை மா நெலம், நட்டு ஒரு மாசப் பயிரு, அப்படியே மணல் மேவிப்போச்சு. கண்டபடி பேசிப்புட்டாரு. ஒங்கப்பா தலைகுனிஞ்சு கேட்டுக்கிட்டு நின்னாரு.”

“பிறகு?”

“பெறகென்ன, சாயங்காலமானா மம்பட்டியும் கூடையுமா வந்துடுவாரு. யாரும் கூப்புடல. மணலை அள்ளி அள்ளிக் கரையில கொட்டுவாரு. இருட்டுனதும் போயிடுவாரு. மொதப் பத்து நாளு எங்க வீட்டுக்காரரு அவரு மொகத்தையே பாக்கல. பதினோராம் நாளு தானும் ஒரு கூடையை எடுத்துக்கிட்டு எறங்கிட்டாரு.”

நான் ஏட்டின் பிற்பக்கங்களைப் புரட்டினேன். மணல் 20 கூடை. மணல் 35 கூடை. மணல் 12 கூடை, மழை. ஒவ்வொன்றாகப் படித்தேன். மூதாட்டி கண்ணை மூடிக்கொண்டு, கணக்குச் சரிபார்ப்பவர் போலத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நெடுநேரம் ஆனது. வெளியே தூறல் விட்டிருந்தது; ஈர மண்ணின்மீது மங்கலான வெயில் விழுந்திருந்தது.

“இதையெல்லாம் எழுதப் போறியா?” என்று கேட்டார்.

“ஆமாம் பாட்டி. எனக்கு இப்படி எழுதிப் பழக்கமில்லை. பார்க்கலாம்.”

“எழுது. அந்தத் திருகு சிக்குனதை உட்டுடாதே. அதுக்கு எண்ணெ கேட்டு ஆறு மாசமா நடந்தாரு மனுசன்.”

எண்ணெய் கேட்டு நடந்தது குறிப்பேட்டில் இல்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து, எந்த மாதத்திலிருந்து கேட்டார் என்று விசாரிக்கத் தொடங்கினேன்.