குடிச்சாரா?

பத்து வருசத்துக்கு முன்னால் சபை வாலிபர்களோடு பக்கத்து ஊர்ச் சேரிக்கு ஊழியம் செய்யப் போனேன். இயேசுவைப் படத்தில் மட்டும் பார்த்திருந்த சனம். யோவான் 4ஆம் அதிகாரத்தைக் கதையாகச் சொன்னேன். யூதர்கள் சமாரியரோடு புழங்கமாட்டார்கள். அப்படியிருந்தும் கிணத்தடியில் ஒரு சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணி கேட்டார் என்றேன்.

"குடிச்சாரா தம்பி?" வெத்தலை மென்றுகொண்டிருந்த ஆயா கேட்டது.

வேதத்தைப் புரட்டினேன். கேட்டதாகத்தான் இருக்கிறது. குடித்ததாக எழுதியிருக்கவில்லை. எம்.ஏ. தமிழ் படித்தவன், பிறந்ததிலிருந்து பிரசங்கம் கேட்டவன். எனக்கு ஒருநாளும் இது உறைத்ததில்லை. டீக்கடையில் தனி கிளாஸில் குடித்த ஆயாவுக்குத்தான் உறைத்தது.

"ஒங்க கோயில்ல எல்லாரையும் ஒரே எடத்துலதான பொதைப்பீங்க?"

எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சுவர். எங்க தாத்தா சுவருக்கு இந்தப் பக்கம் கிடக்கிறார். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி நாங்கள் பட்டியல் சாதியும் இல்லை. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். எங்களை இன்னும் சேர்க்கவில்லை. சபைக்குப் பறையன், சர்க்காருக்குக் கிறிஸ்தவன்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. சுவரைப் பற்றிச் சொன்னேன்.

"மொதல்ல அத இடிச்சிட்டு வா தம்பி. மிச்சக் கதய அப்புறம் கேக்குறோம்."

மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். சுவர் நிற்கிறது. அந்தச் சேரிக்கு நான் இன்னும் திரும்பிப் போகவில்லை.